11 மகளிர் குழுக்கள் ஒரே அமைப்பாகச் சேரலாமா?

மதுரைக்கு மேற்கே உள்ள ஓர் ஊராட்சியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊராட்சியில் 11 மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. நான் ஒரு குழுவின் ஊக்குநர். எல்லாக் குழுக்களையும் ஒன்றாக்கினால் பெரிய கடன் கிடைக்கும், அதிகாரிகளும் மதிப்பார்கள் என்கிறார்கள். எங்கள் குழுவில் இருப்பவர்களோ, நம் சேமிப்பு யார் கைக்குப் போகுமோ என்று பயப்படுகிறார்கள். சேரலாமா? சேர்ந்தால் எப்படிச் சேர வேண்டும்? பக்கத்து ஊராட்சியில் 6 குழுக்களும் எங்களோடு வர ஆசைப்படுகின்றன."

கேள்வி "சேரலாமா" என்று வந்திருந்தாலும், உங்கள் உறுப்பினர்களின் பயத்தில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது. எதைச் சேர்ப்பது, எதைச் சேர்க்காமல் நம் கையிலேயே வைத்துக்கொள்வது? பெரிதான பிறகும் பணமும் முடிவும் யாரிடம் இருக்கும்? தென் மாவட்டங்களில் மகளிர் குழுக்களுக்குக் கணக்குப் பயிற்சி கொடுப்பதும் கூட்டமைப்புகளின் (குழுக்கள் கலையாமல் தங்களுக்கு மேலே சேர்ந்து அமைக்கும் பொது அமைப்பு) வரவு செலவைத் தணிக்கை செய்வதும் பல வருடங்களாக என் வேலை. நன்றாக வளர்ந்த கூட்டமைப்புகளையும், நல்ல குழுக்களைச் சேர்த்துவிட்டு நாசமான கூட்டமைப்புகளையும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். எங்கே உறுதியாகச் சொல்கிறேன், எங்கே என் கணிப்பை மட்டும் சொல்கிறேன் என்பதை அங்கங்கே குறிப்பிட்டுவிடுகிறேன்.

முதலில் உறுதியான ஒன்று. 11 குழுக்களையும் கலைத்து ஒரே குழுவாக்கும் யோசனை யாருக்காவது இருந்தால் அதை இன்றே கைவிடச் சொல்லுங்கள். ஒரு குழுவில் 10 முதல் 20 பேர் என்ற அளவு சும்மா வைத்ததல்ல. பழைய கம்பெனிச் சட்டத்தில் 20 பேருக்கு மேல் சேர்ந்து லாப நோக்கில் இயங்கினால் பதிவு செய்தாக வேண்டும் என்ற விதி இருந்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஒருவரையொருவர் தெரிந்திருப்பது. 15 பேர் உள்ள குழுவில் இருவர் இருவராகப் பார்த்தால் 105 உறவுகள். அவ்வளவையும் ஊரில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் மனத்திலேயே வைத்திருப்பாள்: யார் யாரோடு பேசுவதில்லை, யார் யாருக்குக் கைமாற்றுக் கொடுத்திருக்கிறார்கள், எந்த வீட்டில் குடிப்பழக்கம் என்று எல்லாமே தெரியும். 11 குழுக்களையும் கலந்து 165 பேராக்கினால் அதே கணக்கு 13,530 ஆகிவிடும். அதை யாராலும் மனத்தில் வைத்திருக்க முடியாது.

இதன் அருமை கடன் கொடுக்கும் நேரத்தில்தான் தெரியும். சாயங்காலம் அங்கன்வாடி வாசலில் குழுக் கூட்டம். ஒருவர் மாடு வாங்க 30,000 ரூபாய் கேட்கிறார். "போன மாசந்தான மாட்ட வித்த, அந்தக் காசு என்னாச்சு?" என்று ஒரு குரல். கேட்டவர் தலையைக் குனிந்துகொள்கிறார். பக்கத்தில் இருப்பவள் பதில் சொல்கிறாள்: "மக காதுகுத்துக்குச் செலவாயிருச்சுக்கா. மாட்டுக்குன்னா கட்டிருவா. பால் சொசைட்டிக் காசு பத்து நாளைக்கு ஒருக்க வருதுல்ல, அதுலயே தவணைய எடுத்துக்கிருவோம்." மூன்றாவதாக ஒருத்தி, "காசா குடுக்காதீங்க, மாட்டைப் பாத்துட்டு வந்து குடுப்போம்" என்கிறாள். தீர்மான நோட்டில் ஒரே வரியாக ஏறும் அந்த முடிவுக்குள் எந்த வங்கி மேலாளருக்கும் கிடைக்காத மூன்று தகவல்கள் இருக்கின்றன. இதே விண்ணப்பம் கூட்டமைப்பின் மேசைக்குப் போனால் ஒரு பெயர், ஒரு தொகை, ஒரு கையெழுத்து மட்டுமே மிஞ்சும். அதனால் தனிநபருக்குக் கடன் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு எந்தக் காலத்திலும் குழுவை விட்டு மேலே போகக் கூடாது. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

இந்தப் பாடம் நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. ஜெர்மனியில் ராய்ஃபைசன் 19-ஆம் நூற்றாண்டில் விவசாயிகளுக்குக் கடன் சங்கங்கள் தொடங்கியபோது, ஒரு சங்கத்தின் எல்லை ஒருவரையொருவர் தெரிந்த சிறிய வட்டாரத்தைத் தாண்டக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். அப்படிப் பல சங்கங்கள் வேரூன்றிய பிறகுதான் 1872-இல் நாய்வீட் நகரில் அவற்றுக்கு மேலே ஒரு மத்திய வங்கி வந்தது. ஒரு சங்கத்தில் சும்மா கிடக்கும் பணத்தைப் பணம் தேவைப்படும் இன்னொரு சங்கத்துக்குக் கொண்டுபோவது அதன் வேலை. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஃபிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பா போய் இதையெல்லாம் பார்த்துவிட்டு 1895-லும் 1897-லும் இரண்டு பகுதிகளாக அறிக்கை கொடுத்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் ஒரு விவசாயக் கடன் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே சங்கங்களுக்குப் பணம் கொடுக்க சென்னையில் ஒரு மைய வங்கி பதிவானது. இன்றைய தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி அதன் வாரிசுதான். ஊர்ச் சங்கம், மாவட்ட வங்கி, மாநில வங்கி என்ற மூன்றடுக்கு அப்படி உருவானது. பின்னாளில் முடிவெடுக்கும் உரிமை மெல்ல மேலே ஏறிக்கொண்டே போனது. தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுக்கள் இல்லாமல் அரசு நியமித்த தனி அலுவலர்களே சங்கங்களை நடத்திய காலங்கள் நீண்டன. ஊரில் கேட்டால் "சொசைட்டி அரசாங்கத்துது" என்பார்கள், "எங்களுது" என்பவர் அபூர்வம். அடுக்குகள் அப்படியே இருக்கின்றன, உரிமை உணர்வுதான் போய்விட்டது. உங்கள் உறுப்பினர்கள் பயப்படுவது இதற்குத்தான். அந்தப் பயம் நியாயமானது. அதைத் தெளிய வைக்கிறேன் என்று பேசி அடக்கிவிடாதீர்கள், அதை விதிகளாக எழுதி வையுங்கள்.

சரி, கலைக்கவும் கூடாது, தனித்தனியே கிடக்கவும் கூடாது என்றால் எதற்காகச் சேர வேண்டும்? குழுவால் தனியே செய்ய முடியாததற்கு மட்டும் சேர வேண்டும். முதலில் கணக்கு. 15 பேர் உள்ள குழுவுக்குச் சம்பளம் கொடுத்துக் கணக்காளர் வைக்கக் கட்டுப்படியாகாது. மாதம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு 400 ரூபாய். 11 குழுக்கள் சேர்ந்து ஒருவரை வைத்தால் தலைக்கு ஏறக்குறைய 36 ரூபாய். அந்த 36 ரூபாய்க்கு ஒவ்வொரு குழுவின் ரொக்கப் புத்தகமும் பேரேடும் மாதாமாதம் எழுதி முடிக்கப்படும் என்றால் அதைவிட நல்ல செலவு வேறில்லை. அடுத்தது பேரம். ஒரு ஊக்குநர் தனியாகப் போய் வங்கியில் நின்றால் "அடுத்த வாரம் வாங்கம்மா" என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கும். 11 குழுக்களின் சார்பில் தேதி போட்ட கடிதத்தோடு நால்வர் போனால் உட்காரச் சொல்லிப் பேசுவார்கள். பிறகு ஆபத்து உதவி. ஒரு குழுவில் ஒரே மாதத்தில் இரண்டு வீடுகளில் சாவு விழுந்தால் அந்தக் குழுவின் பணம் வறண்டுவிடும். 11 குழுக்களிலும் ஒரே மாதத்தில் அப்படி நடப்பது அரிது. கொள்முதல், விற்பனை எல்லாம் இந்த வரிசையில்தான் வரும்.

தேவை எந்த அடுக்கில் இருக்கிறதோ அந்த அடுக்கில் மட்டும் சேர்வது என்பதை குஜராத்தின் பால்காரர்கள் செய்ததுபோல் அழகாகச் செய்தவர்கள் குறைவு. 1946-இல் கேடா மாவட்டத்தில் பால் வாங்கும் ஏகபோகம் போல்சன் என்ற தனியார் நிறுவனத்திடம் இருந்தது. அதை எதிர்த்து திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் தொடங்கிய ஒன்றியத்தில் முதலில் இருந்தவை இரண்டே கிராமச் சங்கங்கள். பால் சில மணி நேரத்தில் கெட்டுப்போகிற பொருள். அளந்து வாங்கவும் கொழுப்புப் பார்க்கவும் கிராமச் சங்கம் போதும். குளிரூட்டவும் பவுடராக்கவும் பெரிய ஆலை வேண்டும், அதை எந்தக் கிராமமும் தனியாகக் கட்ட முடியாது. அதனால் ஆலையை ஒன்றியம் வைத்துக்கொண்டது, பால் அளக்கும் இடம் கிராமத்திலேயே இருந்தது. சங்கங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கேடாவைப் பார்த்து மற்ற மாவட்டங்களிலும் ஒன்றியங்கள் தோன்றின. அவை ஒன்றோடொன்று சந்தையில் மோதிக்கொள்ளும் நிலை வந்தபோதுதான், 1973-இல், 6 மாவட்ட ஒன்றியங்கள் சேர்ந்து விற்பனைக்கென்று மட்டும் மாநிலக் கூட்டமைப்பை உண்டாக்கின. இரண்டு சங்கங்களிலிருந்து மாநில அமைப்பு வரை 27 ஆண்டுகள். ஒவ்வொரு அடுக்கும், கீழே உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பிட்ட வேலை தங்களால் முடியாமல் போனபோது வந்தது. நம் ஊர் ஆவின் சங்கத்திலும் இந்த மூன்றடுக்குதான், உங்கள் பக்கத்துப் பால் சொசைட்டியில் கேட்டாலே அமைப்பைச் சொல்லிவிடுவார்கள்.

இப்போது "பெரிய கடன் கிடைக்கும்" என்ற பேச்சுக்கு வருகிறேன். இது பாதி தவறு. குழு வங்கி இணைப்புத் திட்டத்தை 1992-இல் நபார்டு (வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கி) 500 குழுக்களோடு சோதனையாகத் தொடங்கியபோதே, வங்கி நேராகக் குழுவுக்குக் கடன் கொடுக்கும், குழுவின் சேமிப்பையும் உள்கடன் (குழு தன் உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் கடன்) திரும்பிய ஒழுங்கையும் பார்த்துத் தொகையை முடிவு செய்யும் என்பதுதான் அடிப்படை. இன்றும் அப்படித்தான். கூட்டமைப்பில் சேர்ந்ததாலேயே உங்கள் குழுவின் கடன் வரம்பு உயர்ந்துவிடாது. கூட்டமைப்பு வழியாக வருவது வேறு பணம்: சமுதாய முதலீட்டு நிதி, நலிவுற்றோருக்கான நிதி போன்றவை. கூட்டமைப்பு தன் பெயரில் வாங்கிக் குழுக்களுக்குக் கொடுக்கும் கடனும் சில இடங்களில் உண்டு. அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். இன்னொரு குழு வாங்கும் கடனுக்கு உங்கள் குழு ஜாமீன் என்று எந்தத் தாளிலாவது இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு குழுவுக்குள் ஒருவருக்கொருவர் பொறுப்பு ஏற்பது வேறு, அது தெரிந்தவர்களுக்குள் நடப்பது. அந்தப் பொறுப்பை முகம் தெரியாதவர்களுக்கும் நீட்டினால், ஒரு குழு கட்டாமல் போன மாதத்திலேயே "அவங்க கட்டல, நாம மட்டும் ஏன் கட்டணும்" என்ற பேச்சு வந்துவிடும். நன்றாகக் கட்டிக்கொண்டிருந்த குழுக்களும் அந்தப் பேச்சில் கெட்டுப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் நீங்கள் முதலிலேயே விசாரிக்க வேண்டும். உங்கள் ஊராட்சியில் ஏற்கனவே ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு பதிவில் இருக்கிறதா? தமிழ்நாட்டில் இந்த வேலை 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. பிறகு மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவி, இப்போது ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் நடக்கிறது. ஊராட்சிக்கு ஒரு கூட்டமைப்பு, அதற்கு மேல் வட்டாரக் கூட்டமைப்பு என்பது அதன் அமைப்பு. பெரும்பாலும் உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கும், யாரோ தலைவியாக இருப்பார், கூட்டம் மட்டும் நடக்காமல் இருக்கலாம். அப்படியானால் புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட அதன் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லிக் கேட்டு, கணக்கை வாங்கிப் பார்த்து, அதையே உங்களுடையதாக்கிக்கொள்வது நல்லது. ஒரே ஊரில் இரண்டு கூட்டமைப்புகள் ஓடினால் ஒரே உறுப்பினர் இரண்டு பக்கமும் கடன் வாங்குவார், இரண்டு பக்கமும் நிலுவை நிற்கும்.

அரசு வழி மட்டுமே வழி என்று நான் சொல்ல மாட்டேன். மதுரையைச் சுற்றிக் களஞ்சியம் என்ற, அரசு சாராத மகளிர் சேமிப்புக் குழுக்கள் தங்கள் வழியில் வட்டாரம் வரை வளர்ந்திருக்கின்றன. அழகர்கோவில் பக்கத்தில் விவசாயக் கூலி வேலை பார்த்து, களஞ்சியத்தின் தலைமை வரை வந்த சின்னப்பிள்ளை அம்மாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரதமர் வாஜ்பாய் மேடையில் அவர் காலைத் தொட்டு வணங்கியது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது, 2019-இல் பத்மஸ்ரீயும் கொடுத்தார்கள். கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இன்னொரு வழி. அங்கே அயல்கூட்டம் (அக்கம்பக்கத்துப் பெண்களின் குழு), அதற்கு மேல் வார்டு அளவில் ஒன்று, ஊராட்சி அல்லது நகராட்சி அளவில் ஒன்று என்று உள்ளாட்சியின் எல்லையை ஒட்டியே மூன்று அடுக்குகள், மேலே உள்ள பொறுப்புகளுக்கு முறையான தேர்தல். உள்ளாட்சியோடு இவ்வளவு நெருங்கினால் வேலைகள் வேகமாக நடக்கும், கட்சிச் சண்டையும் உள்ளே வரும். இதில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. இடத்தைப் பொறுத்தது. ஆனால் மூன்று வழியிலும் நிலைத்து நின்றவற்றில் ஒரு பொது அம்சம் உண்டு: அடியில் உள்ள சின்னக் குழு, மேலே அமைப்பு வந்த பிறகும் தன் கூட்டத்தைத் தவறாமல் நடத்திக்கொண்டிருந்தது.

அதனால் சேர்வதற்கு முன் செய்ய வேண்டிய வேலை கணக்குச் சுத்தம். இதை வலியுறுத்தக் காரணம், கூட்டமைப்பில் வெடிக்கும் சண்டைகளில் மிகப் பெரும்பாலானவை சேருவதற்கு முன்பே ஏதோ ஒரு குழுவின் நோட்டில் இருந்தவை. எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். குழுவின் வங்கிப் பாஸ்புக், ரொக்கப் புத்தகம், தீர்மான நோட்டு, உறுப்பினர்களின் தனிப் பாஸ்புக்குகள், இவற்றைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். வங்கியில் எடுத்த ஒவ்வொரு தொகைக்கும் அந்தத் தேதிக்கு முன்னால் ஒரு தீர்மானம் இருக்க வேண்டும். எடுத்த பணம் அன்றோ மறுநாளோ ரொக்கப் புத்தகத்தில் வரவாகி, கடன் பெற்றவரின் கையெழுத்தோடு பற்றாக வேண்டும். பிறகு நான்கைந்து உறுப்பினர்களை, ஊக்குநர் இல்லாதபோது, அழைத்து அவர்கள் பாஸ்புக்கில் உள்ள சேமிப்பும் நிலுவையும் பேரேட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று வாசித்துக் காட்டுங்கள். "நான் ஐயாயிரந்தான வாங்குனேன், எட்டாயிரம்னு போட்டிருக்கு" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே நிறுத்திவிட்டு அதைத் தீர்க்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தால் கூட்டமே நடக்கவில்லை என்று அர்த்தம். முறையான கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை திரும்புதல், பதிவேடு என்று பயிற்சிகளில் பஞ்சசூத்திரம் சொல்லிக்கொடுப்பார்களே, அந்த ஐந்தும் இரண்டு வருடம் ஒழுங்காக இருக்கும் குழுக்கள்தான் சேரத் தகுந்தவை. 11-இல் 7 குழுக்கள் மட்டுமே அப்படி இருந்தால் 7 குழுக்களோடு தொடங்குங்கள். மற்ற நான்கின் நோட்டுகளைச் சரிசெய்ய உதவிவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பாவம் பார்த்துச் சேர்த்துக்கொள்வது அவர்களுக்கும் நல்லதல்ல.

பதிவு, பெயர்ப்பலகை, முத்திரை இதெல்லாம் பிறகு. முதலில் ஒரு சிறிய காரியத்தைச் சேர்ந்து செய்து பாருங்கள். நான் எப்போதும் சொல்வது தீபாவளி மளிகை. ஒவ்வொரு குழுவும் தன் உறுப்பினர்களுக்கு என்னென்ன எத்தனை கிலோ வேண்டும் என்று கூட்டத்தில் எழுதி, முன்பணம் வாங்கி, 11 பட்டியலையும் ஒன்றாக்கி, மதுரை கீழமாசி வீதியில் மொத்த விலைக்கு வாங்கி வாருங்கள். ஆந்திரத்தில் கிராம அளவிலான மகளிர் அமைப்புகள் இதே முறையில், வீடுவீடாகத் தேவையைக் கணக்கெடுத்து, மொத்தமாக அரிசி வாங்கிக் கடனாகக் கொடுத்தன. சாப்பாட்டுச் செலவு குறைந்தது ஒரு பலன். தங்களுக்குள் கணக்குப் பார்த்துப் பழகியது இன்னொரு பலன். ஒரு தீபாவளியிலேயே உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும். யார் பட்டியலை நேரத்துக்குக் கொடுத்தார், யார் பணத்தைக் கடைசிநாள் வரை இழுத்தார், எடை குறைந்தபோது யார் மேல் பழி விழுந்தது, மிச்சப் பணத்துக்கு யார் ரசீது காட்டினார். ஒரு வருடம் பயிற்சி வகுப்பு நடத்தினாலும் இவ்வளவு தெரியாது. முதல் முயற்சியில் சண்டை வந்தால் கலங்க வேண்டாம், சில ஆயிரம் ரூபாயில் வந்த சண்டை அது. இரண்டு முறை ஒழுங்காக நடந்த பிறகு கணக்காளரைப் பொதுவில் வையுங்கள். அதுவும் ஓடிய பிறகு பதிவு செய்யுங்கள்.

பிரதிநிதித்துவத்தைப் பற்றி. குழுவுக்கு இருவர் வீதம் 22 பேர் பொதுக்குழு, அதிலிருந்து ஐந்து பேர் நிர்வாகிகள் என்பது வழக்கமான ஏற்பாடு, போதுமானது. இரண்டு விதிகளை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, ஒரே ஆள் தன் குழுவின் ஊக்குநராகவும் கூட்டமைப்பின் பொறுப்பிலும் சேர்ந்து இருக்கக் கூடாது. இரண்டு, பொறுப்புக்குக் காலவரை வேண்டும், முடிந்ததும் இடைவெளி விட்டுத்தான் மறுபடி வரலாம். "அவங்களுக்குத்தான் ஆபீசுல பேசத் தெரியும்" என்று ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப உட்கார வைப்பதில் தொடங்குகிறது எல்லா வம்பும். பேசத் தெரியாதவரைக் கூடவே அழைத்துப் போய்ப் பழக்குவதும் தலைவியின் வேலைதான் என்று எழுதி வையுங்கள்.

இன்னொன்றைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் 11 குழுக்களில் சில ஊர்த்தெருவிலும் சில காலனியிலும் இருக்கும். குழு அளவில் ஒரே தெருவுக்குள் இருப்பதால் இது வெளியே தெரியாது. கூட்டமைப்பு என்று வந்ததும் முதல் கூட்டத்தை எங்கே போடுவது என்பதிலேயே தெரிந்துவிடும். கோயில் மண்டபத்தில் போட்டால் காலனிப் பெண்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள், அல்லது வரவே மாட்டார்கள், கேட்டால் "வேலை இருந்துச்சு" என்பார்கள். ஊராட்சிச் சேவை மையக் கட்டடம், பள்ளிக்கூடம் போல எல்லோருக்கும் உரிமையுள்ள இடத்தில் மட்டும் கூட்டம் நடத்துங்கள். முறைவைத்து ஒவ்வொரு தெருவிலும் நடத்தினால் இன்னும் நல்லது. ஒரே ஜமக்காளம், ஒரே டம்ளர். பொருளாளர், செயலாளர் பொறுப்புகளில் ஒன்றாவது காலனிக் குழுக்களிடம் இருக்கட்டும், தலைவி பதவியும் சுற்றில் அங்கே போகட்டும். இதைச் செய்யாமல் சேர்ந்தால், சேர்ந்தது ஊர்த்தெருக் குழுக்கள் மட்டும்தான். சிரமமான காரியம்தான். ஆனால் சம்பந்தமில்லாத தெருக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து பணக்கணக்குப் பார்க்கும் இடம் நம் கிராமங்களில் வேறு எத்தனை இருக்கிறது? கூட்டமைப்பால் வரும் நன்மைகளில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

பணத்துக்கு வருவோம். உறுப்பினர்களின் சேமிப்பு குழுவின் வங்கிக் கணக்கிலேயே இருக்கட்டும், கூட்டமைப்புக்கு மாற்றவே வேண்டாம். மேலே போவது மூன்றுதான்: கணக்காளர் சம்பளத்துக்கு மாதச் சந்தா, ஒரு முறை கட்டும் நுழைவுக் கட்டணம், ஆபத்து நிதிக்குக் குழு ஒவ்வொன்றும் போடும் சிறு தொகை. கூட்டமைப்பு தன்னிடம் உள்ள நிதியிலிருந்து கடன் கொடுத்தால் குழுவுக்குத்தான் கொடுக்க வேண்டும், ஆளுக்கு அல்ல. நூற்றுக்கு மாதம் 75 காசு வட்டிக்குக் குழுவுக்குக் கொடுத்து, குழு அதை ஒரு ரூபாய் வட்டிக்கு உறுப்பினருக்குக் கொடுத்தால் 25 காசு குழுவில் தங்கும் (இது உதாரணக் கணக்கு, விகிதத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள்). குழுவுக்கு மிச்சம் எதுவும் இல்லாதபடி வட்டி வைத்தால் குழு வெறும் வசூல் ஏஜென்டாகிவிடும். மாதம் ஒருமுறை கூட்டமைப்பின் வங்கி இருப்பு, குழுவாரியான நிலுவை இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் போதும் என்பார்கள், போனே இல்லாத உறுப்பினர்கள் இருக்கிறார்களே.

விலகும் உரிமையைச் சேரும்போதே எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் மோன்ட்ராகோன் என்ற ஊரில், ஒரு பாதிரியாரிடம் படித்த ஐந்து இளைஞர்கள் 1956-இல் ஒரு தொழிற்கூட்டுறவைத் தொடங்கினார்கள். அதுபோல மற்றவையும் வந்தன. எல்லாவற்றுக்கும் மூலதனம் பற்றாக்குறை என்பதால் 1959-இல் பொதுவாக ஒரு வங்கி, பிறகு காப்பீடு, கல்வி என்று உலகம் அறிந்த பெரிய கூட்டாக வளர்ந்தது. 2013-இல் அந்தக் கூட்டின் மூத்த நிறுவனமான ஃபாகோர் வீட்டுச்சாதனக் கூட்டுறவு கடனில் மூழ்கியபோது, மற்றவை ஒரு கட்டம் வரை பணம் போட்டுவிட்டு, இனிமேல் போட்டால் நாமும் மூழ்குவோம் என்று நிறுத்திக்கொண்டன. ஆனால் வேலையிழந்த உறுப்பினர்களில் பலருக்கு மற்றக் கூட்டுறவுகளில் இடம் கொடுத்தன. 2022 டிசம்பரில் ஓரோனா, உல்மா என்ற இரண்டு பெரிய கூட்டுறவுகள் தங்கள் உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் முடிவெடுத்துக் கூட்டிலிருந்து வெளியேறின. வருத்தம் இருந்தது, ஆனாலும் வாக்கெடுத்துப் பிரிய வழி இருந்தது. உங்கள் விதிகளிலும் இருக்கட்டும்: மூன்று மாதம் முன்னறிவிப்பு, நிலுவையைக் கட்டி முடித்தல், ஆபத்து நிதியில் தன் பங்கு திரும்பக் கிடைக்கும் முறை. வெளியே போக வழி இருக்கிறது என்று தெரிந்தால் உங்கள் உறுப்பினர்களின் பயத்தில் பாதி குறைந்துவிடும். நிர்வாகிகளும் குழுக்களை மதித்து நடப்பார்கள்.

இனி என் கணிப்பு மட்டும், உறுதி அல்ல. மானியமோ திட்ட நிதியோ இல்லாமல் சந்தாவையும் வட்டி வித்தியாசத்தையும் மட்டும் வைத்து ஒரு கூட்டமைப்பு காலாகாலத்துக்கும் ஓடுமா என்றால், ஓடுகிறவை உண்டு, திட்டம் முடிந்ததும் பூட்டிய கட்டடமாக நிற்பவையும் உண்டு. செலவைச் சொந்தக் காசில் தொடங்கியவை நீடித்தன என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் நான் பார்த்தவை ஒரு வட்டாரத்துக்கு உட்பட்டவை. கூட்டமைப்பால் வறுமை எவ்வளவு குறைகிறது என்பதில் ஆய்வாளர்களே ஒத்த கருத்தில் இல்லை. வட்டார அளவுக்கும் அதற்கு மேலும் அடுக்குகள் ஏறும்போது சாதாரண உறுப்பினருக்கு என்ன பலன் என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. விற்பனை, காப்பீடு போன்றவற்றுக்கு அந்த அளவு தேவைப்படலாம், மற்றதற்கு ஊராட்சி அளவே போதும் என்பது என் எண்ணம்.

பதிவு விஷயத்தில் நான் வக்கீல் அல்ல, ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள். பொதுவாகச் சொன்னால், பலர் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிகிறார்கள். ஆண்டுப் பொதுக்குழு நடத்திக் கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும், விட்டால் அபராதமும் அலைச்சலும். நாளைக்குச் சிறுதானியமோ பாலோ வாங்கி விற்கும் எண்ணம் இருந்தால், 2002-இல் கம்பெனிச் சட்டத்தில் சேர்த்த உற்பத்தியாளர் கம்பெனி என்ற வடிவம் இருக்கிறது. அதைத் தனியாகத் தொடங்குங்கள். சேமிப்பு, கடன் பார்க்கும் அமைப்பின் பெயரில் வியாபாரம் செய்தால் வியாபார நஷ்டம் சேமிப்பைத் தின்றுவிடும்.

கடைசியாக, பக்கத்து ஊராட்சியின் 6 குழுக்கள். இப்போதே உள்ளே சேர்க்காதீர்கள். அவர்கள் ஊராட்சியிலும் கூட்டமைப்பு இருக்குமாதலால் உங்களோடு வந்தால் அங்கே வரும் நிதி அவர்களுக்குத் தடைப்படலாம், உங்கள் கணக்காளரும் 17 குழுக்களின் நோட்டை ஒருவராக எழுதி முடிக்கத் திணறுவார். தீபாவளி மளிகைக்கு அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கணக்குச் சுத்தம் செய்யும் முறையைச் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் தங்கள் ஊரில் தனியாக எழுந்து நின்ற பிறகு, கூட்டமைப்போடு கூட்டமைப்பாக, எந்த வேலைக்கு இரண்டு ஊரும் வேண்டுமோ அந்த வேலைக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். அவர்களிடம் இதைச் சொல்ல நீங்கள் தனியே போக வேண்டாம். உங்கள் பொதுக்குழுவில் முடிவெடுத்து, இருவரை அனுப்பி, அவர்கள் கூட்டத்திலேயே உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள்.